பழைய காதல் கதைகள் நமக்கு ஏன் அலுப்பதில்லை?

காதல் கதை என்றாலே முகத்தைச் சுளிக்கிறவர்கள் நம் வீடுகளில் இன்றைக்கும் இருக்கத்தான் செய்கிறார்கள். "வயசுப் பொண்ணு இருக்கிற வீட்டுல இதெல்லாம் என்னத்துக்கு?" என்று டி.வி.யை அணைக்கச் சொல்வார்கள். அதே டி.வி.யில் 'தில்லானா மோகனாம்பாள்' வரட்டும், அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து விடுவார்கள்! 1968-ல் வந்த படம் அது. அதற்குப் பிறகு எத்தனையோ நூறு படங்கள் வந்து போய்விட்டன. இது மட்டும் அலுக்கவே இல்லை.

எங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனிப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். காலை எட்டரைக்குப் போனால், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரிதான் வீடு திரும்புவார்கள். செக்கிங் டேபிளில் நின்று நின்று கால் வீங்கியிருக்கும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளில் துணி துவைத்து, கறி எடுத்துச் சமைத்து, மீதி இருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் பார்ப்பதற்கு அவர்கள் தேடுவது பெரும்பாலும் ஒரு காதல் கதையைத்தான். இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பத்திரிகையிலிருந்து கொட்டகைக்கு

நாம் விரும்பிப் பார்க்கும் பழைய படங்களில் பல, முதலில் கதைகளாக வந்தவை. 'தில்லானா மோகனாம்பாள்' ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற புனைபெயரில் எழுத, கோபுலு படம் வரைந்தார். நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' 1954-ல் படமானது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அந்தப் படத்தை எடுத்தது நம் கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ! குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படமும் அதுதான். இதே கதையை 1955-ல் 'ஆசாத்' என்று இந்தியில் எடுத்தபோது திலீப் குமாரும் மீனா குமாரியும் நடித்தார்கள்.

என் அம்மிச்சிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பக்கத்து வீட்டுப் பெண் தொடர்கதையை உரக்கப் படிப்பாளாம். நாலு வீட்டுப் பெண்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார்களாம். என் அம்மாவோ வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி, டிரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைக்குக் கீழே வைத்திருந்தாள். நான் வாடகை நூலகத்தில் ரமணி சந்திரன் நாவல்களை எடுத்துப் படித்தேன். இப்போது என் மகள் செல்போனில் படிக்கிறாள். கருவிதான் மாறியிருக்கிறது. கதை கேட்கும் ஆசை அப்படியேதான் இருக்கிறது.

கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாகத் திரைக்கு வந்தபோது நீங்களே பார்த்திருப்பீர்கள். பாட்டி, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். "புத்தகத்துல இப்படி இல்லையே!" என்று பாட்டிமார் குறை சொல்ல, "அப்படியா, புத்தகத்தைக் குடுங்க" என்று பேத்திகள் கேட்டு வாங்கினார்கள். குந்தவையும் வந்தியத்தேவனும் எழுபது வருஷம் கழித்தும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் புத்தகம் எடுக்க வைத்தார்களே, அது சாதாரணமா?

தொழில் தெரிந்த இருவர்

மோகனாம்பாள் கதையில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். சிக்கல் சண்முகசுந்தரம் நாதஸ்வர வித்துவான். திருவாரூர் மோகனா நாட்டியக்காரி. அவர் வாசிப்பில் இவள் மயங்குகிறாள், இவள் ஆட்டத்துக்கு அவர் தலை வணங்குகிறார். ஒருவர் தொழிலை ஒருவர் மதிப்பதில் பிறக்கும் அன்பு அது. சிவாஜி வாசிப்பது போலவே தோன்றும். உண்மையில் வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். பத்மினியோ நிஜமாகவே தேர்ந்த நாட்டியக் கலைஞர். அதனால்தான் அந்தப் போட்டிக் காட்சி இன்றைக்கும் மெய்சிலிர்க்க வைக்கிறது.

எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் எளிதில் புரியும். கணவன் கட்டிங் மாஸ்டர், மனைவி ஓவர்லாக் டைலர் என்று ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பதிகள் எத்தனை பேர்! "என் வீட்டுக்காரி கையில பீஸ் போனா டேமேஜே வராதுங்க" என்று ஒரு கணவன் நாலு பேர் முன்னால் சொன்னால், அந்தப் பெண்ணுக்கு அது தங்க வளையலுக்குச் சமம்.

மோகனாவிடம் இன்னொன்றும் இருக்கிறது. பணக்கார மைனரிடம் தள்ளிவிட வைத்தி நடையாய் நடக்கிறான். பெற்ற தாயே பணத்துக்கு ஆசைப்படுகிறாள். மோகனா மட்டும் அசையவில்லை. அம்மாவை விட்டு ஓடவும் இல்லை, அம்மா சொன்னதற்காக மனசை விற்கவும் இல்லை. அதே சமயம், சண்முகசுந்தரத்தின் முன்கோபமும் சந்தேகமும் அவளை எவ்வளவு வாட்டுகின்றன! காதலித்தவர் என்பதற்காக அந்தக் குணத்தையும் அழகு என்று நாம் நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

லக்ஷ்மி எழுதிய பெண்கள்

எழுத்தாளர் லக்ஷ்மியைத் தெரியாத வீடு அந்தக் காலத்தில் இருந்திருக்காது. இயற்பெயர் திரிபுரசுந்தரி. 1921-ல் பிறந்தவர். சென்னையில் டாக்டருக்குப் படிக்கும்போதே கதை எழுதி, அதில் வந்த பணத்தைப் படிப்புச் செலவுக்கு வைத்துக்கொண்டவர். பல வருஷம் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்துவிட்டுத் திரும்பி வந்து, 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

அவருடைய 'காஞ்சனையின் கனவு' 1952-ல் 'காஞ்சனா' என்ற படமானது. அதுவும் பட்சிராஜா படம்தான். 'பெண் மனம்' 1963-ல் 'இருவர் உள்ளம்' ஆனது. சிவாஜியும் சரோஜாதேவியும் நடித்தார்கள். கதை என்ன? கெட்ட பெயர் எடுத்த ஒரு பணக்காரப் பையன். அவனைப் பிடிக்காமலே, வீட்டார் வற்புறுத்தலால் கழுத்தை நீட்டுகிறாள் ஒரு பெண். தாலி கட்டிவிட்டோம், இனி இவள் நமக்குச் சொந்தம் என்று அவன் நினைக்கவில்லை. தன்னை மாற்றிக்கொண்டு, அவள் மனம் திரும்பும்வரை காத்திருக்கிறான்.

ஒரு பெண்ணின் மனசுக்காக ஓர் ஆண் காத்திருப்பது என்பதை, முன்பின் தெரியாதவருக்குத் தாலி கட்டிக்கொண்டு அன்றைக்கே குடும்பம் நடத்திய நம் அம்மாக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்! வாயைத் திறந்து கேட்க முடியாத ஒன்றைத் திரையில் பார்த்து ஆறுதல் பட்டிருப்பார்கள். அந்தப் படத்தில் நாயகன் திருந்துகிறான். ஆனால் 'கல்யாணம் ஆனால் திருந்தி விடுவான்' என்று நம்பிப் பெண் கொடுத்துவிட்டுக் கண்ணீர் விடும் வீடுகளும் நம் தெருவிலேயே உண்டு. கதையில் வந்ததை வைத்து மாப்பிள்ளை பார்த்துவிடக் கூடாது, அம்மா!

தேவதாஸ் நமக்கு வேண்டாம்

சரத் சந்திரரின் 'தேவதாஸ்' வங்காளத்தில் 1917-ல் வெளியான சிறிய நாவல். எத்தனை மொழியில், எத்தனை முறை படமாகியிருக்கிறது! தமிழில் 1953-ல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்ததை என் அத்தை (மாமியார்) இன்றும் கண் கலங்கித்தான் பேசுவார்.

எல்லோரும் தேவதாஸுக்காக அழுகிறோம். எனக்கென்னவோ பார்வதி மேல்தான் பரிதாபம். ராத்திரியில் துணிந்து வந்து தன் மனசைச் சொன்னவள் அவள். பெற்றோரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் துணிவில்லாமல் போனவன் அவன். வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வயசான ஜமீன்தாருக்கு அவள் வாழ்க்கைப்பட்டாள். அவனோ குடித்துக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டான். குடியினால் ஈரல் கெட்டு, நாற்பது வயசுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்த ஆண்களை நம் ஊரில் பார்க்காதவர்கள் யார்? 'காதல் தோல்வி' என்று சொல்லிக் குடிப்பவனைப் பார்த்துப் பெண் பிள்ளைகள் உருகினால், அருகில் இருக்கும் நாம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

சொத்து இல்லாத அக்காவும் தங்கையும்

2000-ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படம் நினைவிருக்கிறதா? தபுவும் ஐஸ்வர்யா ராயும் அக்கா தங்கை. அந்தக் கதையின் மூலம் ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதி 1811-ல் வெளியான நாவல். கல்யாணமே செய்துகொள்ளாமல் 41 வயதில் இறந்துபோனவர். அந்தப் புத்தகம் முதலில் வந்தபோது அவர் பெயர்கூட அட்டையில் இல்லை. 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும்தான் போட்டார்கள்!

இங்கிலாந்தில் எழுதிய கதை செட்டிநாட்டு வீட்டுக்கு எப்படிப் பொருந்தியது? சொத்து ஆண் வாரிசுக்குப் போகிறது. தாயும் பெண்களும் வீட்டை விட்டு வெளியேறுகிறார்கள். இது எந்த ஊருக்குத்தான் பொருந்தாது? தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. இருந்தும், "உனக்குத்தான் நகை போட்டாச்சே அம்மணி" என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் போய்விட்டதா, சொல்லுங்கள்! அந்தப் படத்தில் அக்கா, வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்குகிறாள். மழையில் பாட்டுப் பாடுபவனிடம் ஏமாந்த தங்கை, காலை இழந்தும் கம்பீரத்தை இழக்காத ராணுவ அதிகாரியின் அருமையைப் பிறகுதான் உணர்கிறாள். நம் பெண்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

திரையில் அழுகிறோம், வீட்டில்?

அம்பிகாபதி கதை தமிழ்நாட்டுக்கே உரியது. கம்பர் மகனும் சோழ இளவரசி அமராவதியும் காதலித்தார்கள் என்பது கர்ணபரம்பரைக் கதை. சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடினால் உயிர் தப்பலாம் என்பது நிபந்தனை. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, நூறு முடிந்ததென்று நினைத்து வெளியே எட்டிப் பார்க்கிறாள். அதோடு அவன் கதை முடிந்தது. 1937-ல் பாகவதர் நடித்தும், 1957-ல் சிவாஜி நடித்தும் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நம் பெண்கள் முந்தானை நனைய அழுதார்கள்.

ஆனால், 2016 மார்ச்சில் நம் திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக ஒரு இளைஞனைப் பட்டப்பகலில், நடுத்தெருவில், மனைவியின் கண்ணெதிரே வெட்டிக் கொன்றார்களே! அப்போது எத்தனை வீடுகளில் அழுதார்கள்? எத்தனை வீடுகளில் "பொண்ணை ஒழுங்கா வளர்க்கோணும்" என்று மட்டும் சொன்னார்கள்? இளவரசி என்றால் அழுகை, பக்கத்து வீட்டுப் பெண் என்றால் ஏச்சா? நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

எங்கள் குடும்பத்திலும் இது வந்தது. என் வீட்டுக்காரரின் அண்ணன் மகள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் சொன்னாள். வேறு சாதி. வீடே ரணகளம்! வேலையை நிறுத்து, போனைப் பிடுங்கு, அடுத்த முகூர்த்தத்திலேயே யாருக்காவது கட்டிவை என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அப்போது, மூலையில் உட்கார்ந்திருந்த என் அத்தை மகனைக் கூப்பிட்டார்.

"ஏண்டா கண்ணு, பையன் என்ன சாதின்னு கேட்டே. என்ன சொத்துன்னு கேட்டே. குடிப்பானான்னு கேட்டியா? கோவம் வந்தா கை நீட்டுவானான்னு கேட்டியா? கூட இருந்து சோறு திங்கப் போறவ அவதானேடா!"

யாராலும் பதில் பேச முடியவில்லை. பள்ளிக்கூடமே போகாத கிழவி! பிறகு விசாரித்ததில், பையன் குடிக்கிறவன் இல்லை என்றும், அவன் அம்மா ஒரு கம்பெனியில் பிசிறு வெட்டித்தான் அவனைப் படிக்க வைத்தாள் என்றும் தெரிந்தது. முடிவு இன்னும் ஆகவில்லை. மூத்தவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் பெண்ணின் வேலையை யாரும் நிறுத்தவில்லை, போனைப் பிடுங்கவில்லை. அவள் தினமும் வேலைக்குப் போய் வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அதுவரைக்கும் எனக்கு நிம்மதி.

மகளோடு உட்கார்ந்து பாருங்கள்

தாய்மார்களுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்:

காதல் படம் என்றதும் சேனலை மாற்றாதீர்கள். மாற்றினால், உங்களுக்குத் தெரியாமல் பார்ப்பாள். கூட உட்கார்ந்து பார்த்தால் பேசலாம்.

படம் முடிந்ததும் உபதேசம் வேண்டாம். கேள்வி கேளுங்கள். "இவன் கோவப்பட்டது சரியா?" "அவள் இடத்தில் நீ இருந்தா என்ன பண்ணியிருப்பே?" பிள்ளைகள் நம்மைவிடத் தெளிவாகப் பதில் சொல்வார்கள்.

வேண்டாம் என்று சொன்ன பெண்ணை விடாமல் துரத்துவதைக் காதல் என்று காட்டும் படங்கள் நிறைய உண்டு. அது தொல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் மகன் இருந்தால் இன்னும் உரக்கச் சொல்லுங்கள்.

படமாக வந்த கதையின் புத்தகத்தையும் வாங்கிக் கொடுங்கள். நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கும். படத்தில் மூன்று மணி நேரத்தில் முடிவது, புத்தகத்தில் பல நாள் கூட வரும்.

கடைசியாக, தனக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று மகள் வந்து சொன்னால், முதலில் அவளைச் சாப்பிட வையுங்கள். பிறகு முழுவதையும் கேளுங்கள். நம்மிடம் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியதே, அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதீர்கள்.