கலை நூலகர்: ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் சாட்சி காப்போர்

ஹிஜ்ரி 377ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 987இல், பக்தாது நகரத்துப் புத்தக வணிகர் ஒருவர் ஒரு நூலை இயற்றினார். இப்னுந் நதீம் என்பது அவர் பெயர். நூலின் பெயர் ‘அல் ஃபிஹ்ரிஸ்த்’. ‘பட்டியல்’ என்பதே அதன் பொருள். தம் காலம் வரை அரபு மொழியில் எழுந்த நூல்களைத் துறைவாரியாகப் பத்துப் பகுதிகளில் வகுத்து, ஆசிரியர் வரலாற்றோடு அவர் தொகுத்தளித்தார். அவர் குறித்து வைத்த நூல்களுட் பெரும்பாலானவை இன்று கிடைத்தில. ஆயினும் அவை இருந்தன என்பதை நாம் அறிவோம். எப்படி அறிவோம் எனின், அந்தப் பட்டியலால் அறிவோம். பொருள் அழிந்த பின்னும் பட்டியல் நின்று சாட்சி சொல்கிறது.

நூலுக்கேனும் தன் பெயரைத் தானே சொல்லும் முகப்பு உண்டு. ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் பெரும்பாலும் அதுவும் இல்லை. வரைந்தவர் யார், எவ்வூரில் இருந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பவற்றை அது தானாக உரைக்காது. அவ்வாய் பேசாப் பொருளுக்காகப் பேசும் சான்றுகளைத் திரட்டிக் காப்பவரே கலை நூலகர். அவர்தம் பணியையும், அவர்கள் ஒன்றுகூடி ஆராயும் கவலைகளையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலை நூலகமும் கலை நூலகர் சங்கங்களும்

அருங்காட்சியகங்கள், கலைக்கூடங்கள், ஓவியச் சிற்பக் கல்லூரிகள், பல்கலைக்கழகக் கலை வரலாற்றுத் துறைகள் ஆகியவற்றைச் சார்ந்து இயங்குவது கலை நூலகம். அங்கே படங்கள் நிறைந்த பெருநூல்கள் இருக்கும். அவற்றினும் மிகுதியாகக் கண்காட்சிக் கையேடுகள், ஏல விற்பனைப் பட்டியல்கள், நிழற்படங்கள், ஸ்லைடுகள், ஓவியர்களின் கடிதங்கள், அழைப்பிதழ்கள் ஆகியன இருக்கும். பொது நூலகத்தார் குப்பை என ஒதுக்கும் ஒற்றைத் தாள் அழைப்பிதழ் இங்கே ஆவணமாகிவிடுகிறது.

இத்தகைய நூலகங்கள் பலவற்றில் பணியாளர் ஒருவரோ இருவரோதாம். ஐயம் எழுந்தால் கலந்து பேசுதற்கு அருகில் துறைத்தோழர் எவரும் இரார். இத்தனிமையே சங்கம் பிறக்கக் காரணமாயிற்று. 1969இல் பிரிட்டனில் கலை நூலகங்கள் சங்கம் தோன்றியது. ‘ஆர்லிஸ்’ என்பது அதன் சுருக்கப்பெயர். 1972இல் ஜூடித் ஹாஃப்பர்க் என்னும் அம்மையாரின் முயற்சியால் வட அமெரிக்க ஆர்லிஸ் நிறுவப்பட்டது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாட்டினரும், பின்னர் வட ஐரோப்பிய நாட்டினரும் தமக்கெனச் சங்கங்கள் அமைத்துக்கொண்டனர். 1976 முதல் இத்துறைக்கெனத் தனி ஆய்விதழும் வெளிவருகிறது.

வட அமெரிக்கா பரந்த நிலப்பரப்பு. ஆண்டு மாநாட்டிற்கு எல்லோராலும் செல்ல இயலாது. ஆதலின் நியூ இங்கிலாந்து, தென்கிழக்கு மாநிலங்கள், வட கலிபோர்னியா, டெக்சாஸ்–மெக்சிகோ என வட்டாரக் கிளைகள் அமைந்தன. வட்டாரக் கூட்டம் ஆரவாரமற்றது. ஓர் அருங்காட்சியகத்தில் அல்லது கல்லூரியில் கூடுவர், கட்டுரை படிப்பர், அங்குள்ள நூலகத்தைச் சுற்றிப் பார்ப்பர், கணக்கும் தீர்மானமும் முடிப்பர். ஆயினும் ஒருவர் தம் அனுபவத்தால் கண்ட தீர்வு மற்றவர்க்கு வழியாவது அங்கேதான். அவர்கள் பேசும் கவலைகளுள் நான்கினை ஈண்டுக் காண்போம்.

முதற் கவலை: பெயரிடல்

ஒரு படத்தைத் தேடுவோர் எச்சொல்லைக் கொண்டு தேடுவர்? பள்ளிவாசலில் கிப்லாத் திசையைக் காட்டும் மிஹ்ராபை ஒருவர் ‘மாடம்’ என்றும், மற்றொருவர் ‘சுவர்க்குழிவு’ என்றும் பதிந்துவிட்டால், மிஹ்ராபைத் தேடி வருபவர் வெறுங்கையோடு திரும்புவார். பாரசீக ஓவிய மேதை பிஹ்ஸாதின் பெயரை ஐரோப்பிய மொழிகளில் பல்வேறு எழுத்துக்கூட்டலில் எழுதினர். ஓர் ஓவியர் ஏட்டிலே பலராகிவிடும் விபரீதம் இதனால் நேர்கிறது.

இக்குறை நீங்கக் கலைத்துறைச் சொற்களை வரையறுத்துத் தொகுக்கும் பணி 1970களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிற்று. பின்னர் கெட்டி அறக்கட்டளை அதனை ஏற்று நடத்தியது. ‘கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியம்’ 1990இல் அச்சேறியது. ஓவியர் பெயர்களின் பல்வேறு வடிவங்களை ஒரே பதிவின்கீழ்க் கொணரும் பட்டியலும் 1994இல் வெளிவந்தது. இவ்விரண்டையும் இன்று கணினி வழியே எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஒரு பண்பாட்டின் பொருளை அப்பண்பாட்டார் வழங்கும் சொல்லாலேயே அழைக்க வேண்டும் என்னும் கொள்கை இதனால் வலுப்பெற்றது.

இரண்டாம் கவலை: மாறும் கருவிகள்

கலை வரலாற்று வகுப்பில் இரு ஸ்லைடு எந்திரங்களை அருகருகே வைத்து, இரு ஓவியங்களை ஒப்பிட்டுக் காட்டும் முறை நெடுங்காலம் நிலவியது. சுவிட்சர்லாந்து அறிஞர் வோல்ஃப்லின் அதனைப் புகழ்பெறச் செய்தவர். அதற்காகப் பல்கலைக்கழகங்கள் இலட்சக்கணக்கில் ஸ்லைடுகளைச் சேர்த்தன. 2004இல் கோடாக் நிறுவனம் ஸ்லைடு எந்திரத் தயாரிப்பை நிறுத்தியது. அதே ஆண்டில் ‘ஆர்ட்ஸ்டோர்’ என்னும் கணினிப் படத்தொகுப்பு பயன்பாட்டிற்கு வந்தது. ஓர் ஊழி முடிந்து மற்றோர் ஊழி பிறந்ததெனலாம்.

ஸ்லைடுகளை என்செய்வது? எல்லாவற்றையும் கணினியில் ஏற்றப் பொருளும் ஆளும் இல்லை. எறிந்துவிடவும் மனம் வாராது. புத்தகத்திலிருந்து படியெடுத்த ஸ்லைடு போயின் பெருநட்டமில்லை. ஆனால் ஒரு பேராசிரியர் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நேரிற் சென்று எடுத்த ஒரு கட்டடத்தின் படம், அக்கட்டடமே மாறிவிட்ட பின், ஈடற்ற சான்றாகும். எது படி, எது மூலம் எனப் பிரித்தறிவதே நூலகரின் கடமை. கணினித் தொகுப்பும் நிலையானதன்று. இருபது ஆண்டு இயங்கிய ஆர்ட்ஸ்டோரின் தனித்தளம் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டு, ‘ஜேஸ்டோர்’ என்னும் பெருந்தொகுப்போடு இணைக்கப்பட்டது. பெட்டி மாறும்போதெல்லாம் உள்ளிருப்பது சிந்தாமற் காக்க ஆள் வேண்டும்.

மூன்றாம் கவலை: சிதறியதைச் சேர்த்தல்

ஃபிர்தவ்ஸியின் ஷாஹ்நாமாவை, ஈரான் மன்னர் ஷாஹ் தஹ்மாஸ்புக்காகப் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தப்ரீஸ் நகரத்துக் கலைஞர்கள் எழுதி ஓவியம் தீட்டினர். 759 ஏடுகளும் 258 ஓவியங்களும் கொண்ட பெருஞ்சுவடி அது. 1568இல் உதுமானிய சுல்தான் இரண்டாம் சலீமுக்குக் காணிக்கையாகச் சென்றது. நானூறு ஆண்டு குலையாதிருந்த அச்சுவடியை 1959இல் அமெரிக்கச் செல்வர் ஆர்தர் ஹௌட்டன் வாங்கினார். பின்னர் ஏடுகளைப் பிரித்தார். 78 ஓவியங்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் சென்றன. 1976 முதல் மேலும் பல ஏடுகள் விற்பனைக்குப் போயின. எஞ்சிய 118 ஓவியங்கள், டி கூனிங் என்பார் வரைந்த நவீன ஓவியம் ஒன்றுக்கு மாற்றாக, 1994இல் வியன்னா விமான நிலையத்தில் ஈரானிடம் ஒப்படைக்கப்பட்டன.

இன்று அச்சுவடியை முழுமையாக ஓரிடத்திற் காண இயலுமா? எந்த அருங்காட்சியகத்திலும் இயலாது. நூலகத்தில் இயலும். டிக்சன், வெல்ச் என்னும் இரு அறிஞர்கள் 1981இல் வெளியிட்ட இரு பெருந்தொகுதிகளில் 258 ஓவியங்களும் முறைப்படி இடம்பெற்றுள்ளன. வாளால் வெட்டுண்ட உடலை வணிகம் நாடெங்கும் சிதறடித்தது. நூலகத்தின் அலமாரி அதனை மீண்டும் ஒன்றாக்கியது. ஆயின் இத்தகைய நூல்களின் விலை மிகுதி. நிதி குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் நூலகத்தின் பங்கே. படத்தாளை அலகால் அறுத்துச் செல்லும் வாசகர்களும் இல்லாமலில்லை. வாங்குவது ஒரு பாடு, காப்பது பெரும்பாடு.

நான்காம் கவலை: உடைமையின் உண்மை

1920இல் ஹெலன் ஃபிரிக் என்னும் அம்மையார் நியூயார்க்கில் ஒரு கலை நூலகத்தை நிறுவி, ஓவியங்களின் நிழற்படங்களை ஆயிரக்கணக்கில் திரட்டினார். இதனால் யாருக்கென்ன பயன் என்று அன்று வினவியோர் இருந்திருக்கலாம். விடை 1943இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில், ஐரோப்பாவின் கலைச்செல்வங்கள் எங்கெங்கு உள்ளன என்பதை வரைபடங்களிற் குறித்து நேசப்படையினர்க்கு வழங்க ஓர் அறிஞர் குழு முற்பட்டது. அக்குழுவிற்காக அந்நூலகம் ஏறத்தாழ ஆறு மாதங்கள் பொதுமக்களுக்குக் கதவடைத்தது. குண்டு எவ்விடத்தில் விழலாகாது என்பதை நூலகத்து அட்டைகள் எடுத்துரைத்தன.

போரில் பறிக்கப்பட்ட ஓவியங்களை உரியவரிடம் சேர்க்க வேண்டுமென 1998இல் வாஷிங்டனில் 44 நாடுகள் கூடி நெறிமுறை வகுத்தன. அதன் பின் பழைய ஏலப் பட்டியல்கள் வழக்குச் சான்றுகளாயின. இன்ன ஆண்டில் இன்ன ஓவியம் இன்னாரிடம் இருந்தது என்பதை அவையல்லவோ சொல்லும்! ஏலம் முடிந்ததும் எறியப்படும் அப்பட்டியல்களைச் சேர்த்து வைத்தவர் கலை நூலகர்.

இவ்வுண்மைக்கு நம் தமிழகமே சான்று. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் திருமேனி களவாடப்பட்டுக் கடல் கடந்தது. 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதனை 50 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அது கோயிற் சிலையே என மெய்ப்பிக்கத் துணைநின்றது, புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் முன்னரே எடுத்துக் காத்துவந்த நிழற்படம். 1955இல் நிறுவப்பெற்ற அந்நிறுவனத்தின் தொகுப்பில் இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. 2014 செப்டம்பரில் அத்திருமேனி விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரோடு இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. படமெடுத்தவர்களோடு, அதன் பின்னே ஊரும் கோயிலும் எழுதி, தேடினால் கிடைக்கும்படி அடுக்கி வைத்தவர்க்கும் அப்பெருமையில் பங்குண்டு.

நமக்குரிய பாடம்

மேலை நாட்டு நூலகர் சிலர் கூடிப் பேசுவதை நாம் ஏன் அறிதல் வேண்டும் என வினவலாம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தமிழ்க் கற்றச்சர் கைவண்ணத்தில் எழுந்த பழம்பள்ளிவாசல்கள் உள்ளன. கொடிக்கருக்கும் தாமரையும் செதுக்கிய தூண்களில் இறைவணக்கத்திற்கு இடம் கண்ட கலை அது. பல ஊர்களில் தொழுவோர் பெருகப் பெருகப் பழங்கட்டடத்தை அகற்றிப் புதியது எழுப்புகின்றனர். தேவையை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் இடிக்குமுன் தூணையும் கல்வெட்டையும் படமெடுத்தோமா? அரபுத்தமிழ்ச் சுவடிகள் எவ்வீட்டுப் பரணில் உள்ளன எனக் குறித்தோமா? எடுத்த படங்களின் பின்னே ஊர், நாள், எடுத்தவர் பெயர் எழுதினோமா? பெயரற்ற படம் ஊமைச் சாட்சி. அது அவையேறிப் பேசாது.

இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் ஊர்ப் பள்ளிவாசல், தர்கா, கோயில், தேவாலயம், பழைய மண்டபம் எதுவாயினும் ஒன்றினைப் படமெடுத்து, விவரம் எழுதிக் கல்லூரி நூலகத்திற் சேர்ப்பிக்கலாம். பெரியோர்கள் தம் இல்லத்துப் பழம்படங்களில் இருப்போர் இன்னார், இடம் இன்னது எனத் தம் நினைவு மங்குமுன் எழுதித் தரலாம். நூலகர் அவற்றை வகைப்படுத்தி வைக்கலாம். பத்து ஆண்டில் ஒரு வட்டாரத்தின் கலை வரலாறு நம் அலமாரியில் அமையும்.

பக்தாது வணிகர் தம் காலத்து நூல்களை எழுதி வைத்தார். ஆயிரம் ஆண்டு கடந்தும் அவர் சொல் நிற்கிறது. நம் காலத்தில் நம் கண்முன் உள்ளவற்றை நாம் எழுதி வைப்போமாக.