எறிதலைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொற்களும் அருளுரையாளரும்

ஆங்கில விளக்கவுரைகளைத் துணைகொண்டு அருளுரை ஆயத்தம் செய்கையில், அரிய சொற்களுக்கே நாம் அகராதியைத் தேடுகிறோம். எளிய வினைச்சொற்களைப் பாராது கடந்துவிடுகிறோம். எறிதலைக் குறிக்கும் சொற்கள் அத்தகையவை. 'த்ரோ', 'காஸ்ட்', 'ஹர்ல்', 'டாஸ்' ஆகிய நான்கையும் 'எறி' என்னும் ஒரே சொல்லால் பெயர்ப்போமாயின், சில திருமறைப் பகுதிகளின் பொருளே திரிந்துவிடும்.

இவற்றுள் 'த்ரோ' என்பதே இன்றைய பொதுச்சொல். ஆதியில் அது முறுக்குதல், திருப்புதல் என்னும் பொருளுடையதாயிருந்தது. குயவர் தொழிலில் அப்பழம்பொருளின் சாயல் இன்றும் நிலைத்துள்ளது. எரேமியா 18ஆம் அதிகாரத்தை விளக்கும் ஆங்கில ஆசிரியர், குயவன் கலத்தை 'த்ரோ' செய்தான் என எழுதினால், வனைந்தான் என்பதே பொருள், எறிந்தான் என்பதன்று. 'காஸ்ட்' ஸ்காந்திநேவிய மொழியிலிருந்து வந்து ஆங்கிலத்தில் கலந்த சொல். வலை வீசுதல், சீட்டுப் போடுதல், வாக்களித்தல் போன்ற வழக்குகளில் அது இன்றும் வாழ்கிறது. பிறவிடங்களில் பழமையின் சாயலுடையது. 'ஹர்ல்' வன்மையுடன் எறிதலாகும். 'டாஸ்' இலேசாகத் தூக்கிப் போடுதலாகும்.

1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் திருமறையில் இவை பயிலும் இடங்களைக் காண்போம். பதுங்கியிருந்து பிறன்மேல் எறிபவனைக் கூறும் எண்ணாகமம் 35:20இல் 'ஹர்ல்' வருகிறது. செப்னா பந்தைப்போல் எறியப்படுவதைக் கூறும் ஏசாயா 22:18இல் 'டாஸ்' வருகிறது. ஆயினும் எல்லாவிடத்தும் இத்தகைய நுண்வேறுபாட்டைத் தேடலாகாது. ஏழை விதவையின் காணிக்கையைப் பற்றி மாற்கு 12:42 'த்ரோ' என்றும், அடுத்த வசனம் 'காஸ்ட்' என்றும் கூறுகின்றன. மூலத்தில் இரண்டிடத்தும் இருப்பது 'பால்லோ' என்னும் ஒரே கிரேக்க வினையே. ஆகவே இவ்விரு ஆங்கிலச் சொற்களின் வேறுபாட்டின்மேல் அருளுரை கட்டுதல் மணலின்மேல் கட்டுவதாகும்.

வினையைக் காட்டிலும் அதனை அடுத்துவரும் சிறுசொல்லே பலவேளைகளில் பொருளைத் தீர்மானிக்கிறது. 'அட்' வருமாயின், எறியப்படுவது ஒருவரைத் தாக்கும் நோக்குடையது. யோவான் 8:7இல் அப்பெண்ணின்மேல் எறியப்படவிருந்த கல் அத்தகையது. 'டு' வருமாயின், எதிரிலிருப்பவர் பெற்றுக்கொள்ளும்படி எறியப்படுகிறது. மத்தேயு 15:26இல் நாய்க்குட்டிகளுக்குப் போடப்படும் அப்பம் அத்தகையது. 'அவே' வருமாயின், வேண்டாமென்று எறிந்துவிடுதலாகும். 'அப்பான்' வருமாயின், ஒன்றன்மேல் அல்லது ஒருவர்மேல் சார்த்துதலாகும்.

இவ்வேறுபாடு போதகப் பணியில் எத்துணை முக்கியமானது என்பதை 1 பேதுரு 5:7 காட்டுகிறது. அங்கே ஆங்கிலத்தில் உள்ளது 'காஸ்ட் அப்பான்'. 'காஸ்ட் அவே' அன்று. இதனை மறந்து, "கவலைகளைத் தூக்கி எறியுங்கள்" என்று நாம் முழங்கினால், நோயுற்ற பிள்ளையுடன் ஆலயத்திற்கு வந்திருக்கும் தாய் என் செய்வாள்? எறிய முயல்வாள், எறிய இயலாது, தன் விசுவாசமே குறைவுள்ளது என்று எண்ணி, வந்த பாரத்தோடு இன்னொரு பாரத்தையும் சுமந்து வீடு திரும்புவாள்.

மூலத்திலுள்ள 'எபிரிப்டோ' என்னும் வினை புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. மற்றது லூக்கா 19:35. சீடர் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின்மேல் போடுமிடம். அவ்வஸ்திரங்கள் வேண்டாமென்று வீசப்பட்டவை அல்ல. ஆண்டவர் அமரும்படி அவருக்கென ஒப்புவிக்கப்பட்டவை. கவலையும் அவ்வாறே. அது இல்லாதொழிவதில்லை, சுமப்பவரே மாறுகிறார். இங்கு நம் தமிழ்த் திருமறை எறிதல் என்னாது 'வைத்துவிடுதல்' என்னும் சொல்லை ஆள்வது மிகப் பொருத்தமானதே. அத்தாயிடம் நாம் கூறவேண்டிய சொல்லும் அதுவேயாம்.