நூறு வரை சொல்கிறான். நாலு எடுக்கத் தெரியுமா?

சேர்க்கைக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்திலிருந்து வரும் கடிதங்களில் பாதி ஒரே மாதிரி இருக்கின்றன: "பையன் நூறு வரைக்கும் சொல்றானுங்க. நேரா யூகேஜியில போட்டுடலாமுங்களா?"

வயது விஷயம் சுலபம். தனியார் பள்ளிகளின் 25 சதவீத இலவச இடங்களில் எல்கேஜிக்கு ஜூலை 31 அன்று 3 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு 5. கேந்திரிய வித்யாலயாவோ 6 கேட்கும்.

சிக்கல் அந்த 'நூறு வரை'யில் இருக்கிறது. பையனிடம் தோப்பில் உதிர்ந்த குரும்பைகளைப் பரப்பி, "நாலு எடுத்துக் குடு கண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளை ஒரு கை நிறைய அள்ளிக் கொடுக்கலாம். வரிசையாக வைத்து எண்ணச் சொன்னால் 'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு' என்று தொட்டுத் தொட்டுச் சரியாகவே எண்ணுவான். "மொத்தம் எத்தனை?" என்றால் பதில் சொல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்குவான். கடைசியாகச் சொன்ன 'அஞ்சு'தான் மொத்தம் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதுவரை நூறு என்பது அவனுக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான்.

கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்ற இந்த விதியை 1978இலேயே உளவியலாளர்கள் ரோச்செல் கெல்மனும் காலிஸ்டலும் எழுதிவிட்டார்கள். பின்னர் கேரன் வின் 'இத்தனை கொடு' என்று கேட்டே சோதித்தார். குழந்தைகள் முதலில் 'ஒன்று' மட்டும் சரியாகக் கொடுக்கிறார்கள். மாதங்கள் கழித்து 'இரண்டு', அப்புறம் 'மூன்று'. அதன்பின், பெரும்பாலும் நான்கு வயதையொட்டி, சட்டென்று எல்லா எண்ணுக்கும் சூட்சுமம் விளங்கிவிடுகிறது. என்னை அசர வைப்பது இந்தத் தாவல்தான். அதற்கு உதவும் வழியும் செலவில்லாதது: முதலில் "மூணு குரும்பை" என்று மொத்தத்தைச் சொல்லிவிட்டு, உடனே எண்ணிக் காட்டுவது. வெறுமனே எண்ணிக்கொண்டே போவது அந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

2021இல் வந்த மத்திய அரசின் 'நிபுண் பாரத்' ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டுக்கு வைத்த எண் இலக்கு, 10 வரையான எண்ணுருக்களை அடையாளம் கண்டு படிப்பதும், எண்களையும் பொருள்களையும் வரிசைப்படுத்துவதும். படிவத்தில் டிக் அடிக்கத் தோதான இலக்கு. 'எத்தனை?' அதில் இல்லை.

சரி, விளையாட்டு போதுமா? 2017இல் 'சயின்ஸ்' இதழில் வந்த டெல்லி ஆய்வு சங்கடப்படுத்துகிறது. 214 பாலர் பள்ளிகளின் 1,540 குழந்தைகளில் ஒரு பகுதியினர் கணித விளையாட்டு ஆடினார்கள். எது அதிகம், எது குறைவு என்று கண்ணால் மதிப்பிடும் திறன் அவர்களுக்கு ஓராண்டுக்குப் பிறகும் கூடுதலாகவே இருந்தது. பள்ளிக் கணக்கில் மட்டும் முன்னேற்றம் நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது சொல்லோடும் எண்ணுருவோடும் ஒட்டவில்லை. 'அதிகம், குறைவு, சமம், முன்னால், நடுவில்' போன்ற சொற்களைக் கதைப்புத்தகம் வழியே பேசவைத்த ஓர் அமெரிக்க ஆய்வில், குழந்தைகளின் கணக்கும் சேர்ந்து மேம்பட்டது.

இதையெல்லாம் அங்கன்வாடியில் செய்யலாமே என்பீர்கள். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் இருக்கிறது. எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, பதிவேடு எழுதி, செல்போன் செயலியிலும் ஏற்றும் பணியாளருக்கு நேரம்தான் இல்லை. தமிழ்நாட்டில் 320 மையங்களில் நடந்த ஆய்வில், பாதி மையங்களுக்குப் பகுதிநேரமாக ஒரே ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறியது, வளர்ச்சி குன்றலும் குறைந்தது. அறிவிப்புகளில் புதிய புத்தகம் வருகிற அளவுக்குப் புதிய ஆள் வருவதில்லை.

மற்ற கேள்விகள்:

தமிழிலா, இங்கிலீஷிலா? வீட்டில் பேசுகிற பேச்சில்.

அபாகஸ் வகுப்பு? நான்கு வயதுக்குத் தேவையில்லை.

எண்களை எழுத வைக்கலாமா? விரல் பழகட்டும், அவசரமில்லை.

புளியங்கொட்டையில் எண்ணலாமா? மூன்று வயதில் அது மூக்குக்குள் போகும். பெரிய பொருளாக எடுங்கள்.