பாட்டரி முனையில் எழும் உஷ்ணம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பெருஞ்சாலையில், விக்கிரவாண்டியைக் கடந்தபின் கூட்டேரிப்பட்டு என்னும் ஊர் வரும். மயிலம் முருகன் கோயிலுக்குச் செல்வோர் அங்கேதான் திரும்புவர். நாம் ஒருமுறை கத்திரி வெயிற்காலத்து நண்பகலில் அவ்வூரில் அகப்பட்டு நின்றோம். நாம் ஏறிச் சென்றது, வாடகைக்கு ஓடும் பழைய அம்பாசிடர் பெட்ரோல் வண்டி. 1950களின் இறுதி தொடங்கி 2014 ஆம் ஆண்டு மே மாதம்வரை மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் செய்யப்பெற்று வந்த அவ்வண்டியை அறியாதார் நம்மில் இலர்.

தேநீர் அருந்தி மீண்டு, ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். ‘கடக்’ என்னும் ஓர் ஒலி எழுந்தது, யந்திரம் சுழலவில்லை. அவர் முகம் வாடிவிட்டது. “ஐயா, பாட்டரி போய்விட்டது. இந்த வருஷத்தில் இது இரண்டாவது” என்றார். ஒரு பாட்டரியின் விலை அவருக்குப் பல நாள் வரும்படி. ஆனால் முகவிளக்கை ஏற்றிப் பார்த்தபோது அது பிரகாசமாகவே எரிந்தது. பாட்டரி மடிந்ததாயின் விளக்கு எரிவது எங்ஙனம்? பழைய வண்டி வைத்திருப்போர் பலரும் இவ்விடத்திலேதான் இடறுகின்றனர்.

மின்சாரம் செல்லும் வழியில் தடை எத்துணைச் சிறிதாயினும், அங்கே மின்னழுத்தம் சிறிது குறையும், உஷ்ணமும் பிறக்கும். குறையும் அழுத்தத்தின் அளவை ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1827 இல் வெளியிட்ட விதியால் அறியலாம். உஷ்ணமோ, ஓட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப மிகும் என்று ஆங்கில நாட்டு ஜூல் என்பார் 1840களின் தொடக்கத்தில் காட்டினார். ‘வர்க்கம்’ என்னும் அச்சொல்லிலேதான் நம் ஓட்டுநரின் துன்பம் முழுதும் அடங்கியிருந்தது.

பாட்டரியின் ஈயமுனைக்கும் அதனைக் கவ்வும் டெர்மினலுக்கும் இடையே அழுக்கேறி, ஓர் ஓமில் நூற்றிலொரு பங்கு தடை உண்டாயிற்று எனக் கொள்வோம். முகவிளக்குகளுக்குச் சுமார் 10 ஆம்பியர் போதும். அப்பொழுது குறைவது பத்திலொரு வோல்ட். பிறக்கும் உஷ்ணம் 1 வாட். விளக்கு குறைவின்றி எரியும். செல்ப் மோட்டாரோ 150 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். இப்பொழுது அவ்வழுக்கிலேயே ஒன்றரை வோல்ட் மாய்ந்துபோக, 225 வாட் உஷ்ணம் கட்டைவிரலளவு இடத்தில் எழும். நான்கு முகவிளக்குகளின் சக்தி ஓரிடத்தில் குவிந்தாற்போல என்க. ஈயம் மென்மையானது, அவ்வெப்பத்தில் பிடி இன்னும் தளரும், தளரத் தடை இன்னும் ஏறும். கம்பியின் உறை உருகித் தீப்பற்றுதலும் உண்டு.

நால்வர் தள்ள, இரண்டாம் கியரில் வண்டி உயிர்பெற்றது. பற்றவைக்கும் பொறிக்குச் சிறு மின்சாரமே போதும் என்பதற்கு இதுவே சான்று. திண்டிவனத்தில் வண்டி மின்சார வேலை செய்யும் பெரியவர் ஒருவர், எதையும் கழற்றுமுன் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, ஒவ்வோர் இணைப்பாய் விரலால் தொட்டுப் பார்த்தார். நேர்முனை டெர்மினலில் வைத்த விரலை உடனே எடுத்துக்கொண்டார். கோடையில் பானட்டின் கீழ் எல்லாமே சுடும். ஆதலால் அடுத்துள்ள இணைப்போடு ஒப்பிட்டே இது தெரியத்தக்கது.

டெர்மினலைக் கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றிப் பொடியைக் கரைத்து, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கத் தேய்த்து இறுக்கி, மேலே வாசிலின் தடவினார். இவ்வேலையில் எர்த் முனையை முதலிற் கழற்றிக் கடைசியில் மாட்டவேண்டும். இன்றேல் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுப் பொறி தெறிக்கும், பாட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜனோ வெடிக்கும் இயல்பினது. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே எர்த்தாயிருக்கும், பார்த்துச் செய்க.

இவ்வளவோடு வேலை முடிந்தது என்றே நாம் எண்ணினோம். ஆனால் யந்திரம் சோம்பலாகவே சுழன்றது. பெரியவர் வோல்ட்மீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரியின் எதிர்முனை ஈயத்திலும், மற்றொன்றை யந்திரத்தின் இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் நிற்கவேண்டிய அளவு இரண்டு வோல்ட்டைத் தாண்டியது. “தம்பி, சோக்குக் கம்பியைத் தொட்டுப் பாரும்” என்றார். ஓட்டுநர் தொட்டுக் கையை உதறினார்.

யந்திரம் ரப்பர்க் கட்டைகளின்மேல் அமர்ந்திருப்பதால், மின்சாரம் அதிலிருந்து வண்டியின் உடலுக்குத் திரும்பத் தாமிரப் பின்னற்பட்டை ஒன்று உண்டு. அது அறுந்து இரண்டொரு இழைகளில் தொங்கியது. செல்ப் மோட்டாரின் மின்சாரம் வேறு வழியின்றி மெல்லிய சோக்குக் கம்பி வழியே திரும்பிக்கொண்டிருந்தது! ஆல்டர்னேட்டரும் யந்திரத்தோடு பிணைந்ததே. ஆதலின் பாட்டரிக்கு ஏறவேண்டிய மின்சாரமும் அதே இடுக்கு வழியிற் சுற்றியது. 14 வோல்ட் அளவில் ஏறவேண்டியது குறைந்தே ஏற, பாட்டரி என்றும் அரைவயிற்றோடு கிடந்து, அதன் தகடுகளில் ஈய ஸல்பேட் இறுகியது. முதற் பாட்டரி மடிந்தது இதனாலேயே. மூன்றாவது வாங்கியிருந்தாலும் இக்கதியே.

அவ்வாறாயின் பாட்டரியே பழுதாவதில்லையோ எனின், ஆம், பழுதாகும். சோதிப்பது எளிது. முட்களை டெர்மினலில் அன்றி ஈயமுனைகளிலேயே வைக்கவேண்டும். ஓய்ந்திருக்கையில் நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 ஆயின் பாதியளவே உளது. நிறைந்த பாட்டரி செல்ப் சுழலும்போது 9.6 க்குக் கீழ் இறங்கினால் பெரும்பாலும் குற்றம் பாட்டரியினது. அங்கே 11 நிற்க, மோட்டாரின் முனையில் 8 தான் உளதென்றால், இடைப்பட்ட வழியையே தேடுக. கடையில் புதியது வாங்குமுன் இச்சோதனைக்கு ஐந்து நிமிஷமே வேண்டும். ஆயினும் செய்வார் சிலரே.

புதிய பட்டை பூட்டியபின் யந்திரம் முதல் திருப்பிலேயே எழுந்தது. பாட்டரியை அன்றிரவு முழுதும் மெதுவாகச் சார்ஜ் ஏற்றச் செய்து, மறுநாட்காலை விழுப்புரம் மீண்டோம். அது அடுத்த கத்திரியையும் கண்டது. சோக்குக் கம்பி மட்டும் உறை உருகிப்போனமையால் மாற்றவேண்டியதாயிற்று.