சாரல் நின்ற பிறகு சிறுகடைகள்

ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் குற்றாலம், செங்கோட்டை, பண்பொழிச் சாலைகளின் ஓரம் புதுக் கடைகள் முளைக்கின்றன. அவற்றுள் பல அடுத்த ஆனியைக் காண்பதில்லை. ‘வியாபாரம் ஓடவில்லை’ என்பது வழக்கமான விளக்கம். ஆனால், லாபத்தில் நடந்த கடைகளும் மூடப்படுகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பருவத்தின் மூன்று மாதங்களில் செலவு போக ரூ.1,20,000 மிஞ்சுகிறது. மற்ற ஒன்பது மாதங்களில் வாடகை, மின்கட்டணம், வங்கித் தவணை ஆகியவற்றால் மாதந்தோறும் ரூ.10,000 துண்டு விழுகிறது. ஆண்டு முடிவில் ரூ.30,000 லாபம்தான். ஆனால், ஆவணியில் கையிலிருக்கும் தொகை முழுவதும் லாபம்போலத் தோன்றும். வீட்டில் ஒரு விசேஷத்துக்கு ரூ.50,000 எடுத்துவிட்டால், மீதி பங்குனியோடு தீர்ந்துவிடும். அடுத்த பருவத்துக்குச் சரக்கு வாங்க வேண்டிய சித்திரையில் கடைக்காரர் தண்டல்காரரைத் தேடிப் போவார். கையில் ரூ.9,000 பெற்று, நாளுக்கு ரூ.100 வீதம் நூறு நாள் கட்டவேண்டும். ‘ஆயிரம்தானே வட்டி’ என்று தோன்றும். அசல் நாள்தோறும் குறைந்துவருவதைக் கணக்கில் கொண்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது! கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. தண்டல் நோட்டும் இருக்கிறது.

பண்பொழியில் நெல் பயிரிடுபவருக்குப் பயிர்க்கடனின் கெடு அறுவடையை ஒட்டி அமைகிறது. உரிய காலத்தில் கட்டினால் வட்டியிலும் சலுகை உண்டு. பக்கத்தில் தேநீர்க்கடை நடத்துபவருக்கு, 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் பிணையில்லாக் கடன் கிடைக்கிறது. தவணையோ பெரும்பாலும் மாதந்தோறும் ஒரே தொகை. இருவரும் மழையை நம்பிப் பிழைப்பவர்களே. 2020, 2021 ஆகிய இரு சாரல் பருவங்களிலும் அருவிகளில் குளிக்கத் தடை இருந்தபோது, கடைக்காரருக்கு அது விளைச்சல் பொய்த்த ஆண்டன்றி வேறென்ன?

நிலைத்து நிற்கும் கடைகளைப் பாருங்கள். பிரானூர் புரோட்டாக் கடைகளின் புகழுக்குச் சுவை மட்டும் காரணமன்று. கொல்லம் நெடுஞ்சாலையில் ஆண்டு முழுவதும் ஓடும் வண்டிகளும் காரணம். பண்பொழியிலும் திருமலைக்கோயிலின் கிருத்திகைக் கூட்டம், தைப்பூசம், கார்த்திகை, மார்கழியில் அச்சன்கோவில் செல்லும் ஐயப்ப பக்தர்கள் என அருவியைச் சாராத வரத்து உண்டு. அதற்கேற்பச் சரக்கை மாற்றத் தெரிந்தவர் தாக்குப்பிடிக்கிறார். எல்லாருக்கும் அந்த இடவசதி வாய்ப்பதில்லை.

ஆகவே, கடன் தவணையைப் பருவத்துக்கேற்ப வகுப்பதே உடனடித் தேவை. ஆனி முதல் ஆவணி வரை கூடுதல் தவணை, பிற மாதங்களில் வட்டி மட்டும் என்று வைக்கலாம். இதற்குப் புதிய சட்டமோ மானியமோ வேண்டியதில்லை. தென்காசி மாவட்டத்தின் கூட்டுறவு வங்கிகள் வரும் சாரலுக்கு முன்பே இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.