வயது மட்டும் பதில் சொல்லாது

"எழுபத்தெட்டு வயசாச்சே, இந்த உடம்பு கீமோவைத் தாங்குமா?" புற்றுநோய் என்று தெரிந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. வயதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஒரே வயது, ஒரே ஆபரேஷன். ஒருவர் ஒரு வாரத்தில் நடந்தே வீடு திரும்புகிறார். இன்னொருவருக்குக் காய்ச்சல், சளி, மனக்குழப்பம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து, வார்டிலேயே ஒரு மாதம் ஓடிவிடுகிறது. இதற்குப் பின்னால் பல நேரம் இருப்பது உடல் தளர்ச்சி. நெருக்கடியைத் தாக்குப்பிடிக்கும் சேமிப்பு உடம்பில் குறைந்துபோன நிலை.

அமெரிக்க முதியோர் மருத்துவ ஆய்வாளர் லிண்டா ஃபிரைட் குழுவினர் 2001இல் இதற்கு ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள்: தானாக ஓராண்டில் நாலரை கிலோவுக்கு மேல் எடை குறைவது, தீராத அசதி, கைப்பிடியில் வலுவின்மை, மந்தமான நடை, குறைந்த நடமாட்டம். மூன்று இருந்தாலே தளர்ச்சிதான்.

இப்படிப்பட்டவர் வார்டில் படுத்தால் என்ன ஆகும்? கையில் டிரிப்ஸ், சிறுநீர்க் குழாய். எழுந்தால் விழுந்துவிடுவாரோ என்ற பயம். ஆரோக்கியமான முதியவர்களே பத்து நாள் படுத்த படுக்கையாக இருந்தால் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழக்கிறார்கள். தளர்ந்தவருக்கு இழக்க அவ்வளவு ஏது? கட்டி அகன்றாலும் கழிப்பறைக்குத் துணை தேவைப்படும் நிலையில் வீடு திரும்புகிறார். தொற்று, மறுபடி அட்மிஷன், இறப்பு எல்லாவற்றுக்குமே இவர்களிடம் வாய்ப்பு கூடுதல்.

ஆனால், இது கைவிடுவதற்கான காரணம் அல்ல. முற்றிய புற்றுநோயுள்ள, எழுபது வயதைக் கடந்த 718 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2021இல் லான்செட் இதழில் வெளியானது. நடை, நினைவாற்றல், சத்து, மருந்துகள் பற்றிய முழு மதிப்பீடு ஒரு பிரிவினரின் மருத்துவர்கள் கைக்குப் போனது. அந்தப் பிரிவு நோயாளிகளில் கடுமையான பக்கவிளைவு 51 சதவீதம் பேருக்கு. மற்ற பிரிவில் 71. மதிப்பீடு கைக்கு வந்த மருத்துவர்கள் பலருக்கு முதல் டோஸையே குறைத்துத் தொடங்கியிருந்தார்கள். ஆறு மாத உயிர்வாழ்வு அதனால் குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை.

ஆகவே, சிகிச்சை தொடங்கும் முன்பே முதியோர் மதிப்பீடு செய்யும்படி கேளுங்கள். சமீபத்தில் கீழே விழுந்தது, எடை குறைந்தது எதையும் மறைக்காதீர்கள். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் எடுத்துப் போங்கள். அட்மிஷன் ஆனால் கண்ணாடியும் காது மெஷினும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எழுந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே நோயாளியை எழுப்பி உட்கார வையுங்கள்.