மேட்டில் இழுக்காத கார்

ஹாட் ராட் என்று ஒரு வகைக் கார் உண்டு. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒரு பழைய காரை எடுத்து, தேவையில்லாத பாகங்களைக் கழற்றி, எடையைக் குறைப்பார்கள். என்ஜினின் சக்தியைக் கூட்டுவார்கள். இப்படி வேகமாக ஓடுவதற்காக மாற்றிய பழைய கார்தான் ஹாட் ராட்.

1930களில் அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தில் இந்தப் பழக்கம் வளர்ந்தது. அங்கே மியூராக் என்ற இடத்தில் வறண்டுபோன பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. அதன் தரை பலகை மாதிரி மட்டமாக இருக்கும். இளைஞர்கள் அங்கே போய்த் தங்கள் கார்களை ஓட்டி வேகத்தை அளந்து பார்த்தார்கள்.

ஹாட் ராட் செய்பவர்களுக்கு மிகவும் பிடித்த கார்களில் ஒன்று, 1932இல் வந்த ஃபோர்டு வி8. அதன் என்ஜினில் எட்டு சிலிண்டர்கள் இருக்கும். பக்கத்துக்கு நான்காக, ஆங்கில எழுத்து ‘வி’ போலச் சாய்ந்து நிற்கும். அதன் சக்தி 65 குதிரைத்திறன். இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆனால் அன்றைக்கு, சாதாரண மக்கள் வாங்கக்கூடிய ஒரு காரில் இது பெரிய விஷயம்.

அப்படிப்பட்ட ஒரு கார் நம்மிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சொந்தக்காரர் சொல்கிறார்:

“தெருவில நல்லாத்தான் ஓடுது. மேடு ஏறும்போது மட்டும் இழுக்கவே மாட்டேங்குது. பின்னாடி லாரி வந்தா பயமா இருக்கு. என்ஜின் போயிடுச்சு போல. வேற என்ஜின் மாத்திடலாமா?”

கொஞ்சம் பொறுங்க! அமெரிக்காவில் 1953 மாடலோடு ஃபோர்டு இந்த வகை என்ஜினை நிறுத்திவிட்டது. தூக்கி எறிந்துவிட்டு, கடைக்குப் போய் இன்னொன்றைச் சுலபமாக வாங்க முடியாது. அதனால் முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம்.

என்ஜினுக்கு என்ன வேண்டும்?

பெட்ரோல் என்ஜின் நன்றாக ஓட நான்கு விஷயங்கள் வேண்டும்.

1. காற்று
2. பெட்ரோல்
3. சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி
4. அழுத்தம்

காற்றும் பெட்ரோலும் கலந்து சிலிண்டருக்குள் போகின்றன. பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையை அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் ஒரு தீப்பொறியைக் கொடுக்கிறது. கலவை எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதல்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. நான்கில் ஒன்று குறைந்தாலும் சக்தி குறையும்.

முதல் கேள்வி: எப்போது?

டாக்டரிடம் போனால் அவர் என்ன கேட்பார்? “எப்ப வலிக்குது? சாப்பிட்ட பிறகா, ஓடும்போதா?” நாமும் அதையே கேட்க வேண்டும். இந்தக் கார் மெதுவாகப் போகும்போது நன்றாக இருக்கிறது. அதிக சக்தி தேவைப்படும்போது மட்டும் தடுமாறுகிறது. இது நமக்கு ஒரு நல்ல துப்பு.

இனி ஒவ்வொன்றாகச் சோதிப்போம். செலவில்லாத, சுலபமான சோதனைதான் முதலில்.

காற்று: என்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்க வேண்டும். இன்னொருவர் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். அதற்குள் காற்றை விடும் சிறு கதவு ஒன்று இருக்கிறது. அது முழுதாகத் திறக்கிறதா? சில சமயம், மிதியடிக்குக் கீழே விரிப்பு சுருண்டு கிடந்தாலே கதவு பாதிதான் திறக்கும்! நம் காரில் கதவு நன்றாகத் திறக்கிறது. காற்று ஃபில்டரும் சுத்தமாக இருக்கிறது.

தீப்பொறி: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்க்கிறோம். வெளிர் பழுப்பு நிறம் என்றால் நல்லது. கரி மாதிரி கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகமாக வருகிறது. வெள்ளையாக இருந்தால் உள்ளே சூடு அதிகம். பெட்ரோல் குறைவாக வருகிறதோ என்று சந்தேகப்படலாம். நம் காரில் நுனி வெள்ளையாக இருக்கிறது. இது இரண்டாவது துப்பு. ஆனால் தீப்பொறி தாமதமாக வந்தாலும் சக்தி குறையும், என்ஜின் சூடாகும். அதனால் அதன் நேரத்தையும் சரிபார்க்கிறோம். நேரம் சரியாகத்தான் இருக்கிறது.

அழுத்தம்: சொந்தக்காரரின் பயமே இதுதான். பிளக் இருந்த துளையில் ஒரு அளவுமானியைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டராக அளக்கிறோம். ஒன்றில் மட்டும் அளவு ரொம்பக் குறைந்தால், அங்கே எதுவோ கசிகிறது என்று அர்த்தம். நம் காரில் எட்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. குறைவாகவும் இல்லை. அப்பாடா! என்ஜின் போகவில்லை.

பெட்ரோல்: இந்தக் காரில் பெட்ரோல் தொட்டி பின்னால் இருக்கிறது. ஒரு பம்ப் அங்கிருந்து பெட்ரோலை இழுத்து முன்னால் கொண்டுவருகிறது. வழியில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. அதைக் கழற்றினால், உள்ளே பழுப்பு நிறத் தூள்! அது துரு.

வாளியும் குழாயும்

துரு அடைத்தால் கார் எப்போதும் தடுமாற வேண்டுமே? மேட்டில் மட்டும் ஏன்?

ஒரு வாளியை நினைத்துப் பாருங்கள். குழாயிலிருந்து அதில் தண்ணீர் மெல்லிசாக விழுகிறது. நீங்கள் சின்ன டம்ளரால் மெதுவாக மொண்டால் வாளி காலியாகாது. பெரிய சொம்பால் வேகமாக மொண்டால்? சீக்கிரம் காலியாகிவிடும்.

கார்புரேட்டரிலும் பெட்ரோலைச் சேர்த்து வைக்கும் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. மெதுவாகப் போகும்போது என்ஜின் டம்ளரால் மொள்கிறது. மேட்டில் சொம்பால் மொள்கிறது. அடைத்த ஃபில்டர் வழியாக அவ்வளவு வேகமாகப் பெட்ரோல் வர முடியாது. கிண்ணம் காலியாகிறது, வண்டி தடுமாறுகிறது. இரண்டு துப்புகளும் இப்போது ஒன்றாகச் சேர்கின்றன.

புது ஃபில்டர் போட்டு, அதே மேட்டில் ஓட்டிப் பார்க்கிறோம். வண்டி நன்றாக இழுக்கிறது!

வேலை முடிந்ததா?

இல்லை. துரு எங்கிருந்து வந்தது? பழைய இரும்புத் தொட்டியிலிருந்து. தொட்டி பல மாதங்கள் பாதி காலியாகக் கிடந்தால், உள்ளே இருக்கும் ஈரக்காற்றால் இரும்பு துருப்பிடிக்கும். தொட்டியைச் சுத்தம் செய்யாவிட்டால் புது ஃபில்டரும் அடைத்துக்கொள்ளும். ஃபில்டரை மாற்றியது வைத்தியம். தொட்டியைச் சரிசெய்வதுதான் நோயை வேரோடு நீக்குவது.

ஒன்றை மறக்காதீர்கள்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பிளக், பம்ப், ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி ஓடலாம். ஆனால் எதனால் ஓடியது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

கவனம்: பெட்ரோலின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். கார் வேலையைப் பெரியவர்களோடு மட்டுமே செய்யுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. என்ஜினுக்கு வேண்டிய நான்கு விஷயங்கள் எவை?
2. ஸ்பார்க் பிளக்கின் நுனி வெள்ளையாக இருந்தால் என்ன சந்தேகம் வரும்?
3. கார் மேட்டில் மட்டும் ஏன் தடுமாறியது? வாளியை வைத்து உங்கள் சொந்தச் சொற்களில் விளக்குங்கள்.
4. உங்கள் சைக்கிளை மிதிக்கக் கஷ்டமாக இருக்கிறது. முதலில் என்ன கேள்வி கேட்பீர்கள்? எதை முதலில் சோதிப்பீர்கள்? ஐந்து வரிகள் எழுதுங்கள்.